ஐஸ் பட்ட கை

எங்கள் மகளின் கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. பிள்ளையின் கால் குளிர்ந்திருந்ததைத் தாய் காலை பதினொரு மணிக்குக் கண்டார், ஆனால் பின்னேரம் நாலரைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார் என்று அதற்கு அர்த்தம் என, வாசிக்கத் தெரிந்த ஒருவர் சொன்னார். நாலு வருடங்களாக, புதிதாக வருகிற ஒவ்வொரு டொக்டரும் அந்தக் கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்து, அந்த வரியில் நின்று, கண்ணாடிக்கு மேலால் என் மனைவியைப் பார்க்கிறார். அவள் தலையைக் குனிகிறாள். நான் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன். அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் நடந்ததில் பாதிதான் அதில் இருக்கிறது. மற்றப் பாதி நான்.

எனக்கு அப்போது வேலை ஐஸில். திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்தில் பதினேழு வருடம் ஐஸ் அள்ளினேன். விடியற்காலையில் வள்ளங்கள் வந்து சேரும். ஐஸ் கட்டியை மெசினில் போட்டு உடைத்து, றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று நிரப்பி, வெயில் ஏறுவதற்குள் லொறியில் ஏற்றிவிட வேண்டும். பாரையோ சூரையோ அறக்குளாவோ, கையால் எடுத்துக் கையால் அடுக்குவதுதான். கையுறை கொடுப்பார்கள். ஆனால் அதைப் போட்டால் மீன் வழுக்கும், செட்டை குத்தி ஓட்டை விழும், ஓட்டைக்குள் தண்ணீர் போனால் வெறுங்கையைவிட மோசம். தவிரவும், கையுறை போட்டவனை எங்கள் ஆட்கள் 'டொக்டர்' என்று கூப்பிடுவார்கள். பதினேழு வருடத்தில் ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது எனக்கு ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது.

முதல் வருடம் கை வலியில் அழுதிருக்கிறேன். விரல் நுனியில் ஊசி ஏற்றுவதுபோல இருக்கும். பிறகு மெல்ல மெல்ல வலி நின்றுவிட்டது. வலி நின்ற அன்று, அங்கே பழைய ஆளான ஒருவர் முதுகில் தட்டி, "இப்பதான்ரா நீ ஐஸ்காரன்" என்றார். அதற்குப் பிறகு நான் பெரிய வித்தைக்காரன். தேத்தண்ணிக் கடையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய பிளேன்டீயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, குடித்து முடியும்வரை கீழே வைக்காமல் இருப்பேன். கல்யாணம் கட்டின புதிதில், கப்பல்துறையில் மாமியார் வீட்டுக் குசினியில் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கி வைத்தேன். மனைவியின் தங்கச்சி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "அக்கா, உனக்கு இனிக் கைப்பிடித் துணி வாங்கத் தேவையில்லை, ஆளையே வாங்கிப்போட்டாய்" என்றாள். மனைவிக்கு வாயெல்லாம் பல். பாலையூற்றில் நாங்கள் தனிக்குடித்தனம் வந்த பிறகும் எங்கள் அடுப்படியில் துணி தொங்கவில்லை. சட்டி இறங்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவாள்.

கல்யாணம் கட்டி ஏழாவது வருடம் மகள் பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாளே ஒரு டொக்டர் அவளுடைய நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு, எடுக்காமல் வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.  ஸ்கான் எடுத்தார்கள், கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். இருதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் புறப்படுகிற வாசலில் இருக்கும் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்றார்கள். நெஞ்சை வெட்டத் தேவையில்லை, வலது தொடை இடுக்கில் இருக்கும் இரத்தநாளத்துக்குள்ளால் ஒரு மெல்லிய குழாயை இருதயம்வரை ஏற்றி, அதன் நுனியில் இருக்கும் பலூனை ஊதி வால்வைத் திறக்கலாம் என்றார்கள். அப்போது அவளுக்கு ஐம்பத்தாறு நாள்.

எங்கள் பக்கத்துத் தமிழ் பேசுகிற நேர்ஸ் ஒருவர் கொழும்பு வார்டில் இருந்தார். கையெழுத்து வாங்குவதற்கு முன் அவர் எங்களைப் பக்கத்தில் இருத்தி, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"பிள்ளை சின்னன். அவவின்ட இரத்தநாளம் ஈர்க்குக் கனம்கூட இல்லை. குழாய் போய் வரேக்க உள்ளுக்கு உரஞ்சும். உரஞ்சின இடத்தில இரத்தம் கட்டிபடப் பாக்கும். பெரிய ஆக்களை விடக் கைப்பிள்ளையளுக்குத்தான் அது கூட நடக்கிறது. கட்டிபட்டா காலுக்கு இரத்தம் போகாது. விளங்குதே?"

"ஓம் மிஸ்" என்றேன். எனக்கு விளங்கவில்லை. இருதயம் என்ற சொல்லுக்குப் பிறகு யார் சொன்னதும் என் காதில் ஏறவில்லை. இருதயம் நிற்கப்போகிறது என்கிற நேரத்தில் காலைப் பற்றி எந்தத் தகப்பன் யோசிப்பான்? உயிர் கிடைத்தால் போதும், மற்றது எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று மாதாவிடம் கேட்டேன். நான் கேட்டதை மாதா அப்படியே தந்துவிட்டார்.

பலூன் சரியாக வேலை செய்தது. ஆனால் வெளியே கொண்டுவரும்போது வலது கால் வெள்ளையாக இருந்தது, நாடி பிடிபடவில்லை. உடனே இரத்தத்தைத் தண்ணீராக்கும் மருந்தை ஏற்றினார்கள். அடுத்த நாள் நாடி மெல்லிதாகத் திரும்பியது. பத்து நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் காலையும் மாலையும் தோலுக்குக் கீழே போட ஊசி மருந்து தந்து அனுப்பினார்கள். மனைவி தக்காளிப்பழத்தில் குத்திக் குத்திப் பழகினாள். முதல் தரம் பிள்ளைக்குப் போட்டபோது மகளைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

கால் பார்ப்பதற்கும் அந்த நேர்ஸ்தான் பழக்கினார். இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒன்றைவிட மற்றது குளிர்ந்திருக்கிறதா என்று. நிறம் ஒரேமாதிரி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வயிற்றாலை போனால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தம் தடிக்கும். கால் குளிர்ந்தால் ஒரு மணித்தியாலம்கூடக் காத்திருக்கக் கூடாது. "ரெண்டு பேரும் பழகுங்கோ, ஒராளால இருபத்திநாலு மணித்தியாலமும் பாக்க ஏலாது" என்று சொல்லி, மகளின் பாதங்களை முதலில் மனைவியின் கையிலும் பிறகு என் கையிலும் வைத்தார்.

"ரெண்டும் சூடா இருக்கு, என்ன?" என்றார்.

"ஓம் மிஸ், சூடா இருக்கு" என்றேன். என் கையில் இரண்டு பிஞ்சுப் பாதங்கள் இருப்பது தெரிந்தது. சூடு தெரிந்ததா என்று நான் என்னையே கேட்கவில்லை. அவர் சூடு என்றார், நானும் சூடு என்றேன். ஐஸில் வேலை செய்கிறேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டிய விஷயமாக அது எனக்குப் படவே இல்லை.

கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஐஸ்காரர் போகும்போது எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஐஸ் கையோடு பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை திடுக்கிட்டுவிடும். அதனால் வேலை முடிந்ததும், மீன் கொண்டுபோக வந்து நிற்கிற லொறியின் சூடான பொனட்டில் கொஞ்ச நேரம் உள்ளங்கைகளை விரித்து வைத்து, சூடேற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவோம். மூன்று நாலு பேர் வரிசையாக பொனட்டில் கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், லொறிக்கு ஆசீர்வாதம் கொடுக்கிறோம் என்று நினைக்கத் தோன்றும். சிறிது நேரத்தில் கைக்குள் எறும்பு ஊர்வதுபோலத் தொடங்கி, பிறகு எரியும். அந்த எரிச்சல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வெகுநேரம் இருக்கும். அதைத்தான் நாங்கள் கை சூடாகிவிட்டது என்று சொல்வது.

வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை மகளுக்கு வயிற்றாலை போனது. ஒரு நாள் முழுக்கப் போனது. "ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று மனைவி சொன்னாள். பால் குடிக்கிறாள்தானே, நாளைக்கும் போனால் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். மறுநாள் விடிய மூன்று மணிக்கே எழும்பி வேலைக்குப் போய்விட்டேன். அன்று நல்ல மீன். வேலை முடிந்து, பொனட்டில் கை வைத்து, பதினொரு மணிபோல வீட்டுக்கு வந்தேன்.

மனைவி முற்றத்திலேயே நின்றாள். ஈரக் கை. விடியத் தொடக்கம் நாப்பி தோய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இஞ்ச வாங்கோப்பா, பிள்ளையின்ட வலது கால் குளிருறமாதிரிக் கிடக்கு. கெதியா வந்து பாருங்கோ."

உள்ளே போனேன். மகள் சிணுங்கிக்கொண்டு கிடந்தாள். அறை யன்னல் பூட்டியிருந்தது, காற்றுப் படக்கூடாது என்று. இரண்டு பாதங்களையும் இரண்டு கையாலும் பொத்தினேன். என் உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது. பொத்தின இரண்டும் சூடு. இதை நான் சத்தியமாகச் சொல்வேன், இரண்டும் எனக்குச் சூடாகத்தான் இருந்தன.

"ரெண்டும் ஒரே சூடுதானே" என்றேன்.

"இல்லையப்பா, எனக்குக் குளிருது. வடிவாப் பாருங்கோ."

"நீ விடியத் தொடக்கம் தண்ணிக்குள்ள கையை வைச்சுக்கொண்டு நிண்டனி. உன்ட கைதான் குளிருது, பிள்ளையின்ட காலில்லை."

அவள் தன் கையைப் பார்த்தாள். சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். "எனக்கெண்டா வித்தியாசமாத்தான் கிடக்கு" என்று மெல்லச் சொன்னாள். அப்போது நான் சொன்ன வசனத்தை இந்த நாலு வருடத்தில் மறந்த நாள் இல்லை.

"பதினைஞ்சு வருசமாக் குளிரோட சீவிக்கிறன். எனக்குத் தெரியாத குளிரே உனக்குத் தெரியப்போகுது?"

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? அடுப்பிலிருந்து பானையை வெறுங்கையால் இறக்குகிற மனிதன் சொல்கிறான். பிள்ளைக்குக் கம்பளிக் காலுறை போட்டு மூடிவிட்டாள். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். மகள் வீறிட்டு அழுதது தூக்கத்திலும் கேட்டது. வயிற்றுக்குத்து என்று நினைத்தோம். இரண்டு மணிபோல அழுகை ஓய்ந்தது. வயிற்றுக்குத்து நின்றுவிட்டது என்று இரண்டு பேருமே சந்தோசப்பட்டோம்.

நாலு மணிக்கு எங்கள் பகுதி மருத்துவமாது வந்தார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கிறவர். நிறுப்பதற்காகக் காலுறையைக் கழற்றினார். கழற்றியவர் தராசை எடுக்கவில்லை. யன்னலைத் திறந்து, பிள்ளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இடது பாதம் சிவப்பாக இருந்தது. வலது பாதம் மெழுகுபோல வெளிறி, விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஓட்டோ பிடிக்க ஓடினேன். அந்த நேரத்தில் ஓட்டோ பிடிக்க ஓடுவது நல்ல தகப்பன் செய்கிற வேலைதான். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்காமல் இருக்கவும் அது வசதியாக இருந்தது.

இங்கே ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதைச் செய்து, மருந்து ஏற்றியபடியே அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே இளம் டொக்டர் ஒருவர் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, கால் குளிர்ந்ததை முதலில் கண்டது எத்தனை மணிக்கு, சரியாகச் சொல்லுங்கள், கட்டியைக் கரைக்க மருந்து கொடுப்பதென்றால் நேரம் முக்கியம் என்று கேட்டார். பழைய நேர்ஸ்தான் தமிழில் சொன்னார்.  மனைவி பிள்ளையின் தலையில் கை வைத்தபடி நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"பதினொரு மணிக்கு. நான் கண்டனான்."

டொக்டர் எழுதினார். எழுதிவிட்டு, உரத்த குரலில் ஏதோ கேட்டார். நேர்ஸ் அதைக் கொஞ்சம் மெதுவாக்கித் தமிழில் சொன்னார். "பதினொரு மணிக்குக் கண்டிட்டு ஏனம்மா நாலரை மட்டும் வைச்சிருந்தனீங்கள்? நான் அவ்வளவு சொல்லித் தந்தனான்."

அவள் பிள்ளையின் போர்வையை இழுத்து மூடினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒரு எட்டு முன்னுக்கு வந்து, அவள் சொன்னவள், நான்தான் இல்லை என்றேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வசனம். நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வலையில் அகப்பட்ட பேத்தை மீன்கூட வயிற்றை ஊதி ஒரு எதிர்ப்புக் காட்டும். நான் அதுவும் காட்டவில்லை.

கட்டியைக் கரைக்க மருந்து கொடுத்தார்கள். கால் தப்பியது. மூன்று விரல்கள் கறுத்து, காய்ந்து, ஒரு மாதத்தில் போய்விட்டன. தொடை இடுக்கில் இருந்த அந்த இரத்தநாளம் அடைபட்டது அடைபட்டதுதான். பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன நாளங்கள் காலுக்கு இரத்தம் கொண்டுபோகும், ஆனால் அந்தக் கால் மற்றதுபோல வளராது என்றார்கள். ஐந்தரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் எல்லாம் தப்பியிருக்குமா? நான் இதை ஒரு டொக்டரிடம் இல்லை, நாலைந்து பேரிடம் கேட்டிருக்கிறேன், தெரிந்த ஒருவருடைய பிள்ளையின் கதை என்று சொல்லி. தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம், இப்போது யாராலும் சொல்ல ஏலாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆம் என்று ஒருவர் சொல்லியிருந்தாலாவது நான் ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

மனைவி என்னை ஏசவில்லை. கோபத்தில் ஒரு சட்டியையாவது போட்டு உடைத்திருந்தால் பொறுக்கி எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்த அடுத்த நாள் குசினிக்குள் போனபோது, அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் ஒரு துணி தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சாரத்தைக் கிழித்து மடித்துத் தைத்தது. அதற்குப் பிறகு சட்டி இறக்க அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. பிள்ளையின் காலைப் பார்க்கவும் கூப்பிடவில்லை. தன் கன்னத்தை ஒரு பாதத்தில் வைப்பாள், பிறகு மற்றதில் வைப்பாள். இரவும் பகலும் மாதக்கணக்கில் தனியாகவே பார்த்தாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

இரண்டு வருடத்தில் நான் ஐஸை விட்டேன். மரம் அடுக்கி வைக்கிற மடுவம் ஒன்றில் காவல் வேலை. விட்டால் உணர்ச்சி திரும்பும் என்று யாரோ சொன்னார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று தெரிந்தும் செய்தேன். இப்போது குளிர் காலையில் விரல்கள் வெளுத்து வலிக்கின்றன. வலி மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

மகளுக்கு இப்போது நாலரை வயது. வலது கால் ஒரு விரற்கடை கட்டை. அடி உயர்த்தின சப்பாத்துப் போட்டு நடக்கிறாள். 'என்ட குட்டிக்கால்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். கொஞ்சத் தூரம் ஓடினால் குட்டிக்கால் நோகிறது என்று நின்றுவிடுவாள். வாய் மட்டும் நிற்காது. இந்த வருடத் தொடக்கத்தில் ஸ்கான் எடுத்தபோது வால்வு மறுபடி ஒடுங்கிவிட்டது என்றார்கள். திரும்பவும் பலூன். வலது பக்கம் வழி அடைபட்டுவிட்டதால் இந்த முறை இடது தொடையால்தான் போக வேண்டும். பிள்ளை வளர்ந்திருக்கிறாள், முந்தின அளவு பயமில்லை, ஆனால் ஒரு முறை கட்டிபட்ட பிள்ளை, கவனமாக இருக்க வேண்டும், ஊசி தொடர வேண்டிவரலாம், இரண்டு பேர் கால் பார்க்கப் பழகியிருக்க வேண்டும் என்றார்கள். இடது கால் அவளுடைய நல்ல கால். அவளிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை மேசையில் வைத்தாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றதில் கொஞ்சம் சூட்டுத் தண்ணீர் கலந்தது. "எது சூடு எண்டு சொல்லுங்கோ" என்றாள். நாலு வருடத்துக்குப் பிறகு என் கையை ஏதோ ஒன்றுக்கு அவள் கேட்டிருக்கிறாள். தொட்டேன். இடது பக்கத்தது என்றேன். அவள் வலது பக்கத்து டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு தண்ணீரையும் பூக்கன்றுக்கு ஊற்றிவிட்டாள்.

அதன் பிறகு தினமும் விடிய டம்ளர் சோதனை. மகளுக்கு அது பெரிய விளையாட்டு. கதிரையில் ஏறி நின்று, "அப்பா, எது சூடு? எது சூடு?" என்று குதிப்பாள். நான் பிழையாகச் சொன்னால் முதலில் கைகொட்டிச் சிரித்தாள். நாள் போகப் போக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா திரும்பத் திரும்பத் தோற்கிறார் என்பது அவளுக்குத் துக்கமாகிவிட்டது.

ஒரு காலை சரியாகச் சொன்னேன். அடுத்த நாளும் சரி. மூன்றாம் நாள் தொடுவதற்கு முன் தற்செயலாக நிமிர்ந்தேன். தாயின் முதுகுக்குப் பின்னால் நின்று, மகள் மோவாயை உயர்த்தி வலது டம்ளரைக் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணையும் ஒருசேரச் சிமிட்டினாள். ஒற்றைக் கண்ணால் சிமிட்ட அவளுக்குத் தெரியாது. முதல் இரண்டு நாளும் ஓரக்கண்ணில் பட்ட அவள் மோவாய் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம்தான் என் கை போயிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வலது டம்ளர் என்றேன். மனைவியின் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. நாலு வருடமாக நான் பார்க்காத முகம். அந்த முகத்துக்காக அடுத்த பத்து நாளும் மகளின் மோவாயைப் பார்த்துப் பதில் சொன்னேன். எழுதக் கூசுகிறது. என் பிள்ளையின் மிச்சக் காலை வைத்து நான் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பலூனுக்கு நாள் குறிக்கக் கொழும்புக்குப் போனோம். புதிய டொக்டர், நடுத்தர வயதுப் பெண், தமிழ் தெரிந்தவர். கொப்பியைப் புரட்டிக்கொண்டே வந்து அந்த வரியில் நின்றார். கண்ணாடிக்கு மேலால் மனைவியைப் பார்த்தார்.

"அம்மா, போன முறை மாதிரி இந்த முறை வைச்சுக்கொண்டிருக்கக் கூடாது, சரியோ?"

"ஓம் டொக்டர்" என்று மனைவி தலையைக் குனிந்தாள்.

"உங்களோட ஆர் சேர்ந்து பாக்கிறது?"

"இவரும் பாப்பார். இவருக்கு முந்திக் கையில உணர்ச்சி குறைவு, இப்ப சரி. நாங்கள் சோதிச்சுப் பாத்தனாங்கள்."

மகள் என் மடியில் இருந்தாள். என்னை அண்ணாந்து பார்த்து இரண்டு கண்ணையும் சிமிட்டினாள். அவளுடைய இடது கால் என் முழங்காலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து விரல்களும் இருந்தன, நகத்தில் சித்தி பூசிவிட்ட சிவப்பு நகப்பூச்சோடு.

"இல்லை டொக்டர்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இல்லை டொக்டர், எனக்குச் சூடு குளிர் தெரியாது. பிள்ளைதான் எனக்குக் காட்டித் தந்தவ."

மனைவி திரும்பினாள். நிறுத்தினால் பிறகு சொல்லவே மாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னேன்.

"அந்த எழுதிக் கிடக்கிறதும் அரைவாசிதான். பதினொரு மணிக்கு இவ கண்டவ. கண்டு என்னட்டச் சொன்னவ, ரெண்டு தரம் சொன்னவ. நான்தான் தொட்டுப் பாத்திட்டுச் சூடு எண்டனான். உன்ட கைதான் குளிருது எண்டும் சொன்னனான். பதினேழு வருசம் ஐஸில வேலை செய்த கை. இவ வைச்சுக்கொண்டிருக்கேல்ல. நான் வைச்சுக்கொண்டிருக்கப் பண்ணினனான்."

டொக்டர் கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்தார். விரல் நுனிகளை அழுத்திப் பார்த்தார். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பேனையை எடுத்தார். அந்த வரியை அவர் வெட்டவில்லை. பக்கத்தின் ஓரத்தில், இடமிருந்த அளவுக்கு, சின்ன எழுத்தில் இன்னொரு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் என்னோடு கோபம். "நான் ஆருக்கும் சொல்லேல்ல, நீங்கள் ஏன் சொன்னீங்கள்?" என்று கேட்டுவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அப்படியே தாயின் மடியில் தலையை வைத்து, காலை என் மடியில் போட்டு நித்திரையாகிவிட்டாள். மனைவி கப்பல்துறைக்கு ஃபோன் எடுத்தாள். "தங்கச்சி, அடுத்த மாதம் நீ வந்து ஒரு மாதம் என்னோட நிக்க வேணும். கால் பாக்க ஆளில்லை" என்றாள். பக்கத்தில்தான் நான் இருந்தேன்.

 பஸ் தம்புள்ளை தாண்டியது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நாலு வருசம்" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "ஒவ்வொரு கிளினிக்குக்கும் நான் தலை குனியேக்க, இண்டைக்குச் சொல்லுவார், இண்டைக்குச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான். பிறகு பாக்கிறதையும் விட்டிட்டன்."

 ஹபரணைக்குப் பிறகு காடு. வெயில் சரிந்து பஸ்ஸுக்குள் வந்தது. மடியில் கிடந்த மகளின் இடது பாதத்தை இரண்டு கையாலும் பொத்தினேன். மென்மை தெரிந்தது, பாரம் தெரிந்தது, நகப்பூச்சின் வழுவழுப்புத் தெரிந்தது.

"இது சூடா இருக்கே?" என்று கேட்டேன். பிள்ளை பிறந்ததிலிருந்து மனைவியிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

 அவள் குனிந்து, என் கையை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, பாதத்தில் தன் கன்னத்தை வைத்தாள்.

"இப்ப இருக்கு" என்றாள்.